கீழே கிடப்பவரைப் பாருங்கள்

கல்குளம், விளவங்கோடு பக்கம் அடிமுறைக் களரி பார்த்து வளர்ந்தவர்களுக்கு பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்ற தற்காப்புக் கலை அந்நியமாகத் தோன்றாது. களரியில் ஆசான் பூட்டோடு பிரிவையும் சேர்த்தே சொல்லித்தருவார். கையை முறுக்கி மடக்குவது பூட்டு, அதிலிருந்து கழன்று வருவது பிரிவு. நம்மூரில் பெரும்பாலும் நின்றபடி நடக்கும் இந்தப் பிடிக்குப் பிடி ஆட்டம் அங்கே தரையில் நடக்கிறது. அதில் நான் சலிக்காமல் பார்ப்பது, ஹாஃப் கார்டிலிருந்து எதிராளியின் முதுகைப் பிடிப்பதை.

ஒருவர் கீழே கிடக்கிறார், இன்னொருவர் மேலே கவிந்திருக்கிறார். மேலே இருப்பவரின் ஒரு காலை மட்டும் கீழே இருப்பவர் தன் இரண்டு காலாலும் கவ்வி வைத்திருக்கிறார். இதுதான் ஹாஃப் கார்டு. ஒரு காலத்தில் இதைப் பாதி தோற்ற நிலையாகத்தான் எண்ணினார்கள். ‘கோர்டோ’ என்று அறியப்படும் பிரேசில் வீரர் ராபர்ட்டோ கொர்ரேயா, முழங்கால் காயத்தால் வழக்கமான கார்டு (கீழே கிடந்தபடி எதிராளியைக் கால்களால் தடுக்கும் நிலை) ஆட முடியாமல் இதிலேயே பயிற்சி செய்து, இதைத் தாக்கும் நிலையாக வளர்த்தெடுத்தார்.

இந்த ஆட்டத்தின் வீடியோ ஒன்றைப் பார்க்கும்போது கால்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கீழே இருப்பவரின் தோள்களைப் பாருங்கள். இரண்டும் தரையில் ஒட்டிவிட்டால் அவர் பாடு திண்டாட்டம். ஒருக்களித்துக் கிடந்தால் ஆட்டம் உயிரோடு இருக்கிறது. அடுத்துப் பார்க்க வேண்டியது அக்குள். யார் கை மற்றவரின் அக்குளுக்கடியில் நுழைகிறது? அதுதான் அண்டர்ஹுக், பாதிச் சண்டை அதற்காகவே நடக்கும். மேலே இருப்பவருக்கு அது கிடைத்தால், தோளால் கன்னத்தை அழுத்தி எதிராளியை மல்லாத்திவிடுவார். கீழே இருப்பவருக்குக் கிடைத்தால் தலையை எதிராளியின் நெஞ்சோரம் ஒட்டிவைத்து, இடுப்பை வெளியே நழுவவிட்டு, முதலில் முழங்கையில், பிறகு உள்ளங்கையில் ஊன்றி முழங்காலுக்கு எழுவார்.

மேலே இருப்பவர் சும்மா விடுவாரா? நுழைந்த கையின் மேல் தன் கையைச் சுற்றி இறுக்குவார். இது விஸ்ஸர், அண்டர்ஹுக்குக்கான எதிர்ப்பிடி. வீடியோவை இங்கே நிறுத்துங்கள். அவர் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது? முன்னே தள்ளினால், அந்த வேகத்தையே வாங்கி அவரை உருட்டிவிடலாம். பிடி சற்றே தளர்ந்தால், கையைத் துவளவிட்டு உருவிக்கொண்டு பின்னால் போய்விடலாம். இதைச் சட்டென்று உணர்ந்து முடிவெடுப்பது கீழே இருப்பவரின் உடம்புதான். யோசிக்க நேரமே கிடையாது.

பின்னால் போனவர் ஒரு கையைத் தோளுக்கு மேலாகவும் மறு கையை அக்குள் வழியாகவும் விட்டுக் கோத்து, பனையேறி மரத்தை அணைப்பதுபோல் நெஞ்சை முதுகோடு ஒட்டிக்கொள்வார். இரண்டு குதிகாலும் எதிராளியின் தொடைகளுக்கு உள்பக்கம் கொக்கிபோட்டு மூன்று நொடி நின்றால், சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பின் (ஐபிஜேஜேஎஃப்) விதிப்படி 4 புள்ளி. கீழிருந்து உருட்டி மேலே வந்தால் 2 புள்ளிதான். பின்னால் இருப்பவரைத் தடுக்க எதிராளிக்கு வழி குறைவு; கழுத்தும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதனால்தான் இந்த மதிப்பு.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு நடுவே வரும் ஒரு சின்ன விஷயம்: கவ்விய காலை எப்போது விடுவது? அவசரப்பட்டு விட்டால் எதிராளி திரும்பி நேருக்கு நேர் வந்துவிடுவார். முதுகுப்பக்கம் போய்ச் சேரும்வரை தேர்ந்த ஆட்டக்காரர் அதை விடவே மாட்டார். வீடியோவை இரண்டாம் முறை ஓட்டும்போது அந்தக் காலை மட்டும் பாருங்கள்.