ஓட்டுநர் எப்படி இறங்குவார்?

தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி ஒரு கார் நிறுத்த ஒதுக்க வேண்டிய இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். நம் சந்தையில் விற்கும் கியா கார்னிவலின் அகலம் 1,995 மில்லிமீட்டர், நீளம் 5,155. நீளவாக்கில் வண்டி கோட்டைத் தாண்டிவிடும். அகலவாக்கில் நட்டநடுவே நிறுத்தினாலும் பக்கத்துக்கு 25 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். அடுத்து நிற்பது இன்னொரு கார் என்றால் அதன் ஓரத்து இடைவெளியும் கொஞ்சம் கைகொடுக்கும். சுவரோ தூணோ என்றால் அதுவும் இல்லை. சாதாரணக் கீல் கதவு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அதை 30 டிகிரி திறந்தாலே விளிம்பு அரை மீட்டர் வெளியே வந்துவிடும். பெரியவர் ஒருவர் இறங்க அவ்வளவாவது வேண்டும். இந்தப் பற்றாக்குறைக்குத் தீர்வு என்றுதான் மோட்டார் கதவுகளை விற்கிறார்கள்.

அந்த வாக்குறுதியை எல்லோரையும்விட உரக்கச் சொன்னது 2015இல் வந்த டெஸ்லா மாடல் எக்ஸ். பின்கதவுகள் மேல்நோக்கித் திறக்கும். கூரையில் ஒரு கீல், கதவின் தோள்பட்டையில் இன்னொரு கீல் என்பதால், திறக்கும்போது கதவு மடங்கி உடலோடு ஒட்டியபடியே மேலே ஏறும். பக்கவாட்டில் 30 சென்டிமீட்டர் இருந்தால் போதும் என்றது நிறுவனம். பொறியியலாகப் பார்த்தால் இது அழகான தீர்வு. 1954இன் மெர்சிடஸ் 300 எஸ்எல் காரில் ஒரே கீலில் விறைப்பாக மேலெழுந்த கதவோடு ஒப்பிட்டால், இரண்டாவது கீல் எவ்வளவு சாதித்திருக்கிறது என்பது புரியும். குழந்தையை இருக்கையில் உட்காரவைத்துப் பட்டை மாட்டும் தாய்க்குக் குனிய வேண்டிய வேலையே இல்லை.

ஆனால் பக்கவாட்டுச் சிக்கலை அது கூரைக்கு இடம்மாற்றிவிட்டது. கராஜின் கூரை வெறுமையாக இருப்பதில்லை. குழல்விளக்கு, தண்ணீர்க் குழாய், உத்தரம், மேலே சுருண்டு ஏறும் ஷட்டரின் தண்டவாளம் என்று ஏதாவது தொங்கிக்கொண்டிருக்கும். இவற்றைக் கண்டுபிடிக்கக் கதவின் அலுமினியத் தகட்டுக்குப் பின்னால் அல்ட்ராசோனிக் சென்சார்கள் பொருத்தப்பட்டன. நம் நம்பிக்கை முழுவதும் போய் நிற்கும் இடம் அந்தச் சென்சார் என்பதால் அதன் இயல்பைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

அது ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பி வரும் நேரத்தை அளக்கிறது. 30 சென்டிமீட்டர் தூரத்துச் சுவரிலிருந்து எதிரொலி வர இரண்டு மில்லி விநாடிகூட ஆகாது. தட்டையான, கெட்டியான, நேரெதிரே நிற்கும் சுவரை அது நன்றாகவே பார்க்கும். சாய்வான பரப்பில் பட்ட ஒலி வேறு திசையில் தெறித்துப் போய்விடும். துணி, பஞ்சு போன்றவை ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். மெல்லிய குழாயிலிருந்து வரும் எதிரொலி பலவீனமானது. மிக நெருக்கத்தில் இருப்பதைப் பிரித்தறியவும் அது திணறும். இப்போது ஒரு கராஜை நினைத்துப் பாருங்கள்: சைக்கிள் கைப்பிடி, சாத்திவைத்த ஏணி, கொடியில் உலரும் போர்வை, தூணின் கூர்முனை. சென்சாருக்குக் கடினமான பொருள்களைத் தேடிச் சேர்த்ததுபோல் இருக்கிறது அந்த இடம். அகலமான வெளியில் சென்சார் பிழைத்தால் யாருக்கும் தெரியாது. இறுக்கமான இடத்தில் சென்சாரின் பிழைக்கும் கதவின் கீறலுக்கும் நடுவே இருப்பது சில விரல்கடைதான்.

கதவு திறக்க வேண்டிய உயரத்தை இடவாரியாகப் பதிந்துவைக்கும் வசதியை டெஸ்லா கொடுத்திருப்பது, இந்த வரம்பை அது உணர்ந்திருப்பதைக் காட்டுகிறது. என் கணிப்பில் அந்தக் காரின் கதவு ஏற்பாட்டிலேயே மிகவும் புத்திசாலித்தனமான பகுதி இதுதான். கூரையின் உயரம் வீட்டுக்காரருக்குத் தெரியும். அதை ஒருமுறை சொல்லிவிட்டால் இயந்திரம் ஒவ்வொரு முறையும் ஊகிக்க வேண்டியதில்லை. ஆனால் இடத்தை அடையாளம் காண அது நம்பியிருப்பது ஜிபிஎஸ்ஸை. அடித்தள பார்க்கிங்கில் அந்தச் சமிக்ஞை எட்டுவது கடினம். இறுக்கம் அதிகமாக இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

மின்சாரம் போனால்? மாடல் எக்ஸின் பின்கதவைக் கையால் விடுவிக்க, கதவில் உள்ள ஸ்பீக்கர் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் கம்பியை இழுத்து, பிறகு கதவைத் தூக்க வேண்டும். சுவரை ஒட்டி நிற்கும் வண்டியில், இருட்டில், பதற்றத்தில் ஒரு குழந்தையோ முதியவரோ இதைச் செய்துவிட முடியுமா? இதை நான் சின்னக் குறையாகப் பார்க்கவில்லை. கதவு முதலில் வெளியேறும் வழி. மற்ற பெருமைகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கார்னிவலின் பின்பக்கம் இருப்பது போன்ற ஸ்லைடிங் கதவு இந்த வம்புகள் பலவற்றிலிருந்து தப்பிவிடுகிறது. சற்றே வெளியே வந்து, பின்பக்கமாக உடலோடு ஒட்டி ஓடிவிடும். கூரை எவ்வளவு தாழ்ந்திருந்தாலும் கவலையில்லை. பூட்டிய தண்டவாளத்தில் ஓடுவதால் அதன் பாதை மாறுவதே இல்லை. பொருள்களைக் கண்டறியும் சென்சாரைவிட, மாறாத பாதை எனக்கு நம்பகமான பாதுகாப்பாகத் தெரிகிறது. ஆனால் மோட்டார் சேர்ந்தவுடன் அதற்கும் வேறோர் ஆபத்து வந்துவிடுகிறது. 2023இல் அமெரிக்காவில் கியா 50,000க்கும் மேற்பட்ட கார்னிவல்களைத் திரும்ப அழைத்தது. மூடிக்கொண்டு வரும் கதவு, குறுக்கே இருப்பவரைக் காயப்படுத்தக்கூடும் என்பதுதான் காரணம். அகலமான இடத்தில் சட்டென்று விலகிக்கொள்ளலாம். சுவருக்கும் காருக்கும் நடுவே நிற்பவர் எங்கே விலகுவார்?

இதுவரை சொன்னதெல்லாம் பின்கதவுகளைப் பற்றி. மாடல் எக்ஸிலும் சரி, கார்னிவலிலும் சரி, முன்கதவு பழைய கீல் கதவுதான். மாடல் எக்ஸில் அதற்கும் மோட்டார் உண்டு. ஆனால் மோட்டார் இடத்தை உண்டாக்கித் தராது. பின்னால் இருப்பவர்களைக் கராஜுக்கு வெளியிலேயே இறக்கிவிடலாம். கடைசிவரை உள்ளே இருந்தாக வேண்டியவர் ஓட்டுநர் ஒருவர்தான். இறுக்கமான கராஜ் உண்மையில் அவருடைய பிரச்சினை. அவரைத்தான் இந்த வடிவமைப்புகள் மறந்துவிட்டன.

மறக்காத கார் ஒன்று இருந்தது. 2005இல் விற்பனைக்கு வந்த பெஜோ 1007 என்ற சின்ன வண்டியில் ஓட்டுநரின் கதவே மோட்டாரில் ஓடும் ஸ்லைடிங் கதவு. விலையும் எடையும் அந்த அளவுக் காருக்கு அதிகம் என்பதால் அது எடுபடவில்லை. 2009இல் உற்பத்தி நின்றது. யோசனை சரியாக இருந்தும் வணிகம் தோற்றதில் எனக்கு உண்மையான வருத்தம். ஜப்பானியர் வேறு முனையிலிருந்து வந்தார்கள். அங்கே கெய் எனப்படும் சின்ன ரகக் கார்களின் அகலம் 1.48 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஹோண்டா என்-பாக்ஸ் போன்றவற்றில் பின்பக்கம் ஸ்லைடிங் கதவும் உண்டு. நம் 2.5 மீட்டர் இடத்தில் அப்படி ஒரு காரை நிறுத்தினால் பக்கத்துக்கு அரை மீட்டர் மிஞ்சும். ஓட்டுநர் சாதாரணக் கதவிலேயே இறங்கிவிடுவார். எந்த மோட்டாரும் தராத இடம் அது.

அகலமான காரை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு? மற்றவர்களை வெளியே இறக்கிவிட்டு, இடப்பக்கச் சுவரை ஒட்டி நிறுத்தினால் மிச்சம் முழுவதும் ஓட்டுநர் பக்கம் சேரும். 25 என்பது ஏறக்குறைய 50 ஆகும். ஆள் நெருங்கியதும் தானாகத் திறக்கும் வசதியைக் கராஜில் அணைத்துவைக்க வேண்டும். சுவரில் கதவு விளிம்பு படும் உயரத்தில் ரப்பர் பட்டை ஒட்டலாம். மோட்டார் இயங்கும்போது கண் கதவின் மீதும் கை நிறுத்தும் பொத்தானின் மீதும் இருக்கட்டும். கையால் விடுவிக்கும் வழியை வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் பகலில், நிதானமாக, ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டும்.