மாடித் தொட்டியில் நூக்கோல்

கார்த்திகையில் விதைத்த நூக்கோல் தையில் கைக்கு வந்தது. கிழங்கென்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது மண்ணுக்கு மேலே பருத்து நிற்கும் தண்டு, முட்டைக்கோஸின் நெருங்கிய சொந்தம். டென்னிஸ் பந்தளவு வந்ததும் பறித்துவிட வேண்டும். விட்டால் அடிப்பக்கம் நாரோடி, எவ்வளவு வேகவைத்தாலும் வாயில் சக்கைதான்.

அடியில் கத்தியைக் கொடுத்து மேல்நோக்கி இழுத்தால், தோல் நாரோடு பட்டையாக உரிந்து வரும். உள்ளே பால்வெள்ளை. ஒரு துண்டைப் பச்சையாகவே கடித்துப் பாருங்கள்: நறுக்கென்ற இனிப்பு, அதன் பின்னால் மெல்லிய முள்ளங்கி வாசம்.

எனக்குப் பிடித்தது கூட்டுதான். பாசிப்பருப்பு அரைப்பதம் வெந்ததும் காயும் மஞ்சளும் சேர்க்க வேண்டும். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி ஒரே கொதி. தேங்காயெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளிப்பு. புளியே வேண்டாம்; காயின் இனிப்பு அப்படியே நிற்கும்.

கடைக்கு வருவதற்குள் இலை வாடிவிடும். வீட்டுச் செடியில் அதுவும் நமக்கே. பொடியாக நறுக்கி, பூண்டு தட்டிப் போட்டு வதக்கினால் அருமையான கீரைப் பொரியல். ஒரே செடியில் கூட்டும் பொரியலும் கிடைத்த அன்று, இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றிய கைக்கு நிறைவாக இருந்தது.