முதல் பத்தடி

கார் ஓட்டுவதில் உள்ள மொத்த சுகமும் முதல் பத்தடியில்தான் இருக்கிறது என்று சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான்குவழிச் சாலையில் ஐந்தாவது கியரில் நூறில் போவது யாருக்கும் வரும். அங்கே வண்டி பாட்டுக்கு ஓடுகிறது, நாம் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால், நின்றுகொண்டிருக்கிற ஒரு மேனுவல் கார், உள்ளே இருப்பவருக்கே தெரியாமல் நகர ஆரம்பிக்கிறதே! அதை இடது காலால் செய்து முடிக்கிற அந்த இரண்டு மூன்று நொடி! ஐம்பதை நெருங்கும் வயதில் எனக்கு இவ்வளவு பெரிய சந்தோஷம் கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். மகனுக்கு என்ஜினியரிங் சீட் கிடைத்ததைக்கூட இதற்கு அடுத்த இடத்தில்தான் வைப்பேன். (அவன் பத்திரிகை படிப்பதில்லை.)

டிரைவிங் ஸ்கூலில் இது ஏன் வருவதில்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் கார்களில் இடப்பக்கம் உட்காரும் மாஸ்டரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். பாதுகாப்புக்கு அது வேண்டும்தான். ஆனால், பின்னால் பஸ் ஹாரன் அடித்ததுமே மாஸ்டரின் கால் வேலை செய்துவிடும். வண்டி அழகாகக் கிளம்பும். நாமே எடுத்தோம் என்று முகத்தில் பெருமை வேறு. ‘எச்’ போட்டு, லைசென்ஸும் வாங்கிவிடுவோம். அப்புறம் சொந்தக் காரில் தனியாக உட்காரும்போதுதான், இத்தனை நாள் வண்டி எடுத்தது யார் கால் என்று தெரியவரும். லைசென்ஸை பீரோவில் வைத்துவிட்டு பக்கத்து சீட்டிலேயே பயணம் செய்யும் பெண்கள் எனக்குத் தெரிந்தே எத்தனையோ பேர்.

எனக்கு வாய்த்தவர் எங்கள் பெரியப்பா. சொந்த ஊர் சங்ககிரி. லாரிக்குப் பேர்போன ஊர். வாலிபத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர், கண் ஆபரேஷனுக்குப் பிறகுதான் விட்டார். அதிலும் பாதிக்குமேல் நாமக்கல்லில் முட்டை ஏற்றிக் கேரளாவுக்குப் போன வண்டி. “முட்டை லோடுல உக்காந்துக்கிட்டு கிளட்சை உதறுனா, மொதலாளி அன்னிக்கே சாவியை வாங்கி வெச்சுக்குவாரு கண்ணு” என்பார். அப்படிப்பட்டவரிடம் எங்கள் பழைய மாருதி 800-ஐக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

மாருதி 800-ஐ இளக்காரமாகப் பார்க்காதீர்கள். 1983 டிசம்பரில் வந்து, 2014 வரை தயாரான வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். கிளட்சை இயக்குவது ஒரு கேபிள். உள்ளே நடப்பது அப்படியே பாதத்துக்கு வரும். வண்டி எடுக்கப் பழக இதைவிட நல்ல கார் கிடையாது என்பது என் கட்சி.

பாடம் நடந்த இடம் மனை பிரித்துக் கல் நட்டிருந்த ஒரு லேஅவுட். தமிழ்நாட்டில் ரியல் எஸ்டேட்காரர்கள் நமக்குச் செய்திருக்கும் பெரிய உபகாரம் இதுதான்: தார் போட்ட அகலமான ரோடு, ஒரு வீடு கிடையாது, நாலு ஆடு மேயும். பெரியப்பா சொன்ன முதல் வார்த்தை, “செருப்பைக் கழட்டு கண்ணு.” இரண்டாவது, “வலது கால் சும்மா இருக்கட்டும். ஆக்ஸிலரேட்டர்ங்கிற ஒண்ணு இருக்கறதையே மறந்துரு.”

ஆக்ஸிலரேட்டர் இல்லாமல் வண்டி எப்படிப் போகும் என்று திகைத்தேன். போகும். சமதளத்தில், எஞ்சின் சும்மா ஓடுகிற வேகத்திலேயே முதல் கியரில் கார் நகரும். டீசல் வண்டியில் இது இன்னும் சுலபம். அதற்குக் குறைந்த சுற்றிலேயே இழுவை அதிகம். பெட்ரோல் வண்டிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். எங்கள் காரைப் போல எலெக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் பாயும் எஞ்சின் என்றால், சுற்று குறையும்போது அதுவே கொஞ்சம் கூட்டிக்கொண்டு சமாளிக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பெரியப்பா ஒரு கையின் உள்ளங்கையை மற்றதன்மேல் வைத்துக் காட்டினார். ஒரு கையைச் சுழற்றினார். மற்றது சும்மா இருந்தது. அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். சும்மா இருந்த கை வழுக்கி, வழுக்கி, பிறகு கூடவே திரும்பியது. அவ்வளவுதான் கிளட்ச். எஞ்சினோடு சேர்ந்து ஃப்ளைவீல் நிமிடத்துக்கு 800 சுற்றுக்குக் குறையாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சக்கரமோ அசையாமல் நிற்கிறது. நடுவில் கிளட்ச் பிளேட். பெடலை மிதித்தால் பிளேட்டுக்கு விடுதலை. பெடலை விட்டால் பிரஷர் பிளேட் அதை ஃப்ளைவீலோடு சேர்த்து இறுக்கும். சுற்றுகிற ஒன்றையும் நிற்கிற ஒன்றையும் தடாலென்று கட்டிப்போட்டால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். வண்டி துள்ளும், இல்லாவிட்டால் எஞ்சின் ஆஃப் ஆகும். புதிதாகப் பழகுபவர்களுக்கு இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெடல் மேலே வரும் தூரம் முழுக்க முக்கியமில்லை. அதில் ஓர் அங்குலம்தான் சமாச்சாரம். அதற்குக் கீழே எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் காலை எடுக்கலாம், ஒன்றும் ஆகாது. அந்த ஓர் அங்குலத்தில் பிளேட் பிடிக்க ஆரம்பிக்கிறது. அதைக் கண்டுபிடிக்கக் கண்ணே தேவையில்லை. எஞ்சின் சத்தம் ஒரு சுதி இறங்கும். கியர் ராடில் ஒரு நடுக்கம் ஏறும். வண்டியின் மூக்கு மயிரிழை அளவு நிமிரும். குதிகால் தரையிலேயே இருக்க, முன்பாதத்தை மட்டும் மேலே விட்டால் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். வெறுங்காலுக்கு ரப்பர் பெடலின் அதிர்வு பேசுகிறது, சத்தியமாக! காலையெல்லாம் அந்த இடத்துக்குப் போவது, திரும்ப மிதிப்பது, போவது, மிதிப்பது என்று இதே வேலை. எனக்கு அலுக்கவே இல்லை. வண்டி ஒரு முழம்கூடப் போகவில்லை, நான் மட்டும் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து அவர் சொன்னதை எந்தப் பள்ளியிலும் எனக்குச் சொல்லவில்லை. “புடிச்சுதா? புடிச்ச எடத்துலயே நில்லு. மேல வராத.”

“எவ்வளவு நேரமுங்க பெரியப்பா?”

“வண்டி நடக்கற வரைக்கும்.”

ஆஹா! ஏறக்குறைய எல்லோருடைய வண்டியும் உதறுவது இங்கேதான். பிடிக்கும் இடம் வரை மெதுவாக வருகிறோம், வண்டி லேசாக அசைந்ததுமே ‘அப்பாடா’ என்று மீதிக் காலை எடுத்துவிடுகிறோம். வண்டி வெட்டி வெட்டிப் போய் நின்றுவிடும். காரணம் எளிய கணக்கு. முதல் கியரில் சின்னக் கார்களில் எஞ்சின் ஏறத்தாழ 15 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. எஞ்சின் 800-இல் ஓடும்போது சக்கரம் அதனோடு முழுதாகச் சேர வேண்டுமானால், கார் மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது மனுஷர் நடக்கிற வேகத்தில் இருக்க வேண்டும். அந்த வேகம் வரும்வரை பிளேட் வழுக்கித்தான் ஆக வேண்டும். வந்த பிறகு காலை எடுங்கள், வண்டிக்கு ஒன்றுமே தெரியாது. இந்த ஒரு விஷயம் புரிந்ததும் எனக்குள் ஏதோ பூட்டு திறந்தது. பிடிக்கும் இடத்தில் காலை நிறுத்தினேன். வெளியே நட்டிருந்த மனைக்கல் பின்னால் போக ஆரம்பித்தது. சத்தமில்லை, குலுக்கல் இல்லை. பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பி வெற்றிலையைத் துப்பினார். அவர் கொடுத்த அதிகபட்சப் பாராட்டு அது.

ஆக்ஸிலரேட்டர் அப்புறம் தன்னால் வந்தது. பிடிக்கும் இடத்தை நெருங்கும்போது வலது காலால் ஒரு துளி. சத்தம் இறங்குவதற்குப் பதிலாக அதே சுதியில் நிற்க வேண்டும். உறுமினால் அதிகம், முனகினால் குறைவு. இதற்குமேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

மேட்டில் எடுப்பதுதான் பலருக்கும் குலைநடுக்கம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, விதி 15-இன்படி லைசென்ஸ் தேர்விலேயே இது உண்டு: ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும். சமதளத்தில் பாதம் பழகிவிட்டால் இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்துக்கொள்ள வேண்டியது. கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர். கிளட்சைப் பிடிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்ததும் வண்டி முன்னே போகத் துடிக்கும், பிரேக் பின்னால் பிடித்து நிறுத்தும். அந்த இழுபறி சீட்டில் தெரிந்த கணத்தில் ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் போதும். ஓர் அங்குலம்கூடப் பின்வாங்காமல் ஏறும். சேலத்தில் 2020-இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலத்தின் ஏற்றத்தில், சாயங்கால நெரிசலில், பின்னால் பளபளக்கும் புது வண்டி பம்பரை ஒட்டி நிற்க, நான் இதைச் செய்தேன். கை தட்ட ஆளில்லை. நானே ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டேன்.

பிறகு ஏற்காடு. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், உச்சி சுமார் 1,500 மீட்டர். மே மாதக் கூட்டத்தில் வளைவுக்கு வளைவு நின்று நின்றுதான் போக வேண்டும். மலைப் பாதை குறுகலாக இருந்தால் ஏறுகிற வண்டிக்கே இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதை மதிக்கிறவர்கள் குறைவு. ஆகவே, வளைவின் உட்பக்கத்தில், இருப்பதிலேயே செங்குத்தான இடத்தில் நிற்க வேண்டிவரும். மாருதி 800 அங்கேயும் எடுத்தது. நடுவழியில் யாரோ கிளட்சைப் பாதி மிதித்தபடியே மேட்டில் வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்கள். பிளேட் கருகும் வாடை வளைவு முழுக்க. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். நிற்கும்போது பிரேக், நகரும்போது மட்டும் அரை கிளட்ச். பிளேட் போனால் பெரும்பாலும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் சேர்த்து செட்டாகத்தான் மெக்கானிக் மாற்றச் சொல்வார்.

‘இதெல்லாம் எதற்கு, ஆட்டோமேட்டிக் வாங்கிவிட்டுப் போகலாமே’ என்று மகன் கேட்கிறான். கேட்கலாம். 2014-இல் மாருதி செலேரியோ ஏ.எம்.டி. என்கிற ஆட்டோமேட்டிக் கியரோடு வந்ததிலிருந்து, நடுத்தரக் குடும்பத்துக்கும் அது எட்டும் விலையில் கிடைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஏ.எம்.டி.யின் உள்ளேயும் இருப்பது இதே கிளட்ச் பிளேட்தான். நம் காலுக்குப் பதில் ஒரு கம்ப்யூட்டர் அதை மெல்ல விடுகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள், தினமும் நகர நெரிசலில் சிக்குகிறவர்கள் தாராளமாக அதை வாங்கட்டும். ஆனால், அந்த இரண்டு நொடியை நான் எதற்குக் கம்ப்யூட்டருக்குத் தாரை வார்க்க வேண்டும்?

பெரியப்பா இதைக் கேட்டால் சிரிப்பார். அவர் ஓட்டக் கற்ற பழைய லாரிகளில் கியர் மாற்றவே ஒவ்வொரு தடவையும் கிளட்சை இருமுறை மிதிக்க வேண்டும். கியர்களைத் தானாக ஒத்துப்போக வைக்கும் சின்க்ரோமெஷ் 1928-இலேயே அமெரிக்காவின் காடிலாக் காரில் வந்துவிட்டது, நம் ஊர் லாரிக்கு வந்து சேர வெகுகாலமானது. அவருக்கு எங்கள் மாருதி ஒரு விளையாட்டுச் சாமான்.

என் மாமியாருக்குக் கழுத்து எலும்பு தேய்மானம். பட்டை போட்டிருக்கிறார். கார் குலுங்கினால் எல்லோருக்கும் முன்னால் அவருக்குத்தான் தெரியும், உடனே வாயிலும் வரும். போன மாதம் டாக்டரிடம் அழைத்துப் போனேன். வாசலிலிருந்து எடுத்து, தெருமுனை தாண்டி, மெயின் ரோடும் ஏறியாகிவிட்டது. பின் சீட்டிலிருந்து குரல் வந்தது: “ஏம்மா, இன்னும் எடுக்கலையா?”

லைசென்ஸைப் பீரோவில் வைத்திருக்கும் அக்கா, தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, பக்கத்தில் மனை பிரித்த லேஅவுட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஓட்டத் தெரிந்த, கத்தாத ஒருவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். கத்துகிற ஆளாக இருந்தால் கணவரே ஆனாலும் வேண்டாம். செருப்பைக் கழட்டிவிட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், வெறும் கிளட்சில் அரை மணி நேரம் எடுத்து நிறுத்திப் பழகுங்கள். பிடித்த இடத்தில் காலை நிறுத்த மட்டும் மறக்காதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல்கூடச் செலவாகாது.