பல்கட் இடையனின் திகைப்பு

டேனியல் லேர்னரின் ‘மரபுச் சமூகத்தின் மறைவு’ (1958) தொடர்பாடல் ஆய்வில் இன்றும் பேசப்படும் நூல். துருக்கி, எகிப்து, ஈரான் உட்பட ஆறு நாடுகளில், நாட்டுத் தலைவரானால் என்ன செய்வீர்கள் என்பது போன்ற கேள்விகளைக் கேட்டார்கள். பதில் சொன்னவர் நவீனத்தின் பக்கம். திகைத்தவர் மரபின் பக்கம். துருக்கியின் பல்கட் கிராமத்து இடையன் திகைத்தான்.

அது கற்பனைக் குறைவா, அடக்கமா, அச்சமா? எத்தனை பேர் திகைத்தார்கள் என்பதை வினாக்கொத்து சரியாகவே சொல்லும். ஏன் என்று அறிய, பக்கத்தில இருந்து பேசத்தான் வேணும். இரண்டும் அறிவுதான். முதலாவதை வைத்தே இரண்டாவதையும் முடிவுகட்டியதுதான் நூலின் குறை. வினாக்கொத்தோடு ஊருக்குள் இறங்கும் எங்கட மாணவர்களும் ‘தெரியாது’ கட்டத்தில் புள்ளடி போட்டதும் எழும்பிவிட வேணாம்.