பியானோவும் நம்மவர் சங்கீதமும்

அந்நிய வாத்தியம் என்று கூறி எதையும் ஒதுக்கிவிட நம்மவருக்கு உரிமையில்லை. வயலினைப் பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் நம் இசைக்குப் பழக்கினர். இன்று அது இல்லாத கச்சேரியைக் காண்பதரிது. கிளாரினெட்டை ஏ. கே. சி. நடராஜனும், சாக்சபோனைக் கத்ரி கோபால்நாத்தும் அவ்வாறே வசப்படுத்தினர். ஆர்மோனியத்தின் கதைதான் வேறு. அகில இந்திய வானொலி 1940-இல் அதை விலக்கியது. அத்தடை தளரத் தொடங்கியது 1971-இல். அதன் கட்டைகள் நிலையானவை, இரு சுரங்களிடையே வழுக்கிச் செல்ல அவற்றால் ஆகாது என்பதே வித்துவான்கள் கூறிய குற்றம். பியானோவுக்கும் அக்குற்றம் உண்டு. அதற்கு மேலும், சுத்தியல் கம்பியைத் தட்டிய கணமே ஒலி தேயத் தொடங்கிவிடுகிறது.

இத்தகைய வாத்தியத்தைக் கொண்டு பல துறைகளில் உழைப்பவர் சென்னைத் தோழர் அனில் ஸ்ரீநிவாசன். இளமையிலேயே மேனாட்டு இசை பயின்று, அமெரிக்காவில் உயர்கல்வி பெற்றுத் திரும்பியவர். பாக், சோப்பின் ஆகியோரின் உருப்படிகள் ஒருபுறம்; கீர்த்தனங்கள், தமிழ்ப் பாடல்கள், சினிமா மெட்டுகள், நாட்டிய மேடை ஆகியன மற்றொருபுறம். எனினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது, சிக்கல் சகோதரிகளுள் ஒருவரான குஞ்சுமணியின் பேரர் சிக்கில் குருசரணோடு அவர் நடத்திவரும் கச்சேரிகளே.

அவற்றில் நாம் மெச்சுவது யாது? பியானோவை வீணையாக்கிக் காட்டும் வீண்முயற்சி அவரிடம் இல்லை. கமகத்தைப் பாடகரின் தொண்டைக்கே விட்டுவிடுகிறார். பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியில் இரண்டொரு சுரங்களை வைத்து, மிதியால் அவற்றை நீளவிட்டு, பின் வாளாவிருக்கிறார். வாத்தியத்தின் குறையை மறைக்காமல் அதைச் சுற்றி வழி தேடுவது நாணயமான கலை. கற்ற வித்தையையெல்லாம் ஒரே மேடையில் கொட்டிவிடத் துடிப்போர் இந்த அடக்கத்தைக் கவனிப்பார்களாக!

குறையும் கூறுவோம். சங்கராபரணம் பியானோவுக்கு இசைவான ராகம். முத்துசாமி தீட்சிதர் ஆங்கிலேயப் பாண்டு மெட்டுகளுக்குச் சாகித்தியம் செய்தது அதன் சுரங்களில்தான். தோடியோ அப்படியன்று. அதன் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாமல் ஊசலாடுவது. அதன் கீழே கொத்துச் சுரங்களை வைத்தவுடன் ஊஞ்சலைக் கயிற்றால் கட்டியது போலாகிறது. மேலும், மிருதங்கமின்றி நடக்கும் கச்சேரிகளில் எல்லாம் ஒரே மென்மையில் அமிழ்ந்துவிடுகின்றன. இனிமை அளவு மீறினால் தூக்கம் வரும், நமக்கு வந்ததுண்டு.

இவ்விஷயம் சென்னைச் சபைகளோடு முடிந்துவிடுவதன்று. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வசதியுள்ள நம்மவர் வீடுகள் சிலவற்றில் பியானோ இருக்கிறது. எதற்கு? லண்டன் சங்கத்தின் பரீட்சைக்கு! எட்டாம் படி ஏறியதும் சான்றிதழ் சுவரில் ஏறுகிறது, பியானோ மூடப்படுகிறது. அதே குழந்தை வெள்ளிக்கிழமையில் கோயிலில் தேவாரம் பாடுகிறது. இரு இசையும் ஒரே செவியில் புகுந்தும் ஒன்றையொன்று விசாரிப்பதில்லை. பிரிக்பீல்ட்ஸில் நுண்கலை ஆலயம் 1981 முதல் நடத்திவரும் பணியை நாம் மறக்கவில்லை. ஆயினும் தோட்டத்தைவிட்டுப் பட்டணத்து அடுக்குமாடியில் குடியேறிய தொழிலாளியின் பிள்ளை பியானோவைத் தொட்டுப் பார்ப்பதே அரிது. தமிழ்நாட்டில் அனில் நிறுவிய ராப்சொடி அமைப்பு அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடமும் இசைக்கல்வியைக் கொண்டு செல்கிறது. இந்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. கோயில் விழாவுக்குப் பணம் திரட்ட நமக்குத் தெரிகிறது. பள்ளிக்கொரு வாத்தியம் வாங்க மட்டும் யோசிக்கிறோம்.

கலைஞரிடமும் ஒன்று கேட்க வேண்டும். அவரது பல்துறையில், நாம் கேட்ட அளவில், பாக்குக்கு இடமிருக்கிறது, தியாகராசருக்கு இடமிருக்கிறது. உழைப்பாளியின் உறுமிக்கு இடமில்லை. ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சியைத் தேய்த்து உறுமிக்காரர் எழுப்பும் ஒலி, பியானோவால் ஒருபோதும் ஆகாத அந்த வழுக்கலையே உயிராகக் கொண்டது. தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடிக்கு முன்னே கொட்டிச் செல்லும் நம் இளைஞர்களுள் ஒருவரை அவர் பக்கத்தில் அமர்த்திக் கேட்க, கோலாலம்பூரில் எந்தச் சபை முன்வரும்?