அலைக்கு முதலாளி யார்?

ஆல்வின் டாஃப்ளரின் (1928–2016) வாழ்க்கையே ஒரு பிரதி. கிளீவ்லாந்து தொழிற்சாலைகளில் உடலுழைப்பு. பிறகு ‘ஃபார்ச்சூன்’ இதழ். 1970இல் ‘ஃப்யூச்சர் ஷாக்’. அப்புறம் கம்பெனிகளுக்கு வருங்காலம் சொல்லும் மேடைகள், ஆலோசனைகள்.

‘மூன்றாம் அலை’ (1980) வேளாண்மை, ஆலைத்தொழில், தகவல் என்று வரலாற்றை மூன்று அலைகளாக்குகிறது. என்னை உறுத்துவது இந்த உருவகம்தான். அலைக்கு முதலாளி கிடையாது. அலையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ய முடியாது. ஆலையை மூடுவதென்று நிர்வாகம் எடுத்த முடிவு இங்கே இயற்கை நிகழ்வாகிவிடுகிறது. எழுதியவரோ பட்டறையைக் கண்ணால் பார்த்தவர்.

இந்நூல்களில் கூடவே உழைத்த மனைவி ஹெய்டியின் பெயர் இரண்டின் அட்டையிலும் இல்லை. 1993இல் வந்த நூலில்தான் இணையாசிரியராகிறார். உழைப்பை மறைப்பது அட்டையிலேயே ஆரம்பிச்சாச்சு. எதிர்காலம் வருது வருதுங்கிறாங்க. கொண்டு வர்றது யாருன்னு நாம் கேட்டாகணும்.