கற்பனைச் செபம்: யாருடைய கற்பனை?

குழந்தைகளுக்கான கற்பனைச் செபக் கையேடுகள் சிலவற்றை இந்த மாதம் வரிசையாகப் படித்தேன். எல்லாம் ஒரே அச்சு. கண்ணை மூடு, மூச்சை இழு, கடற்கரையில் நில். இயேசு வருகிறார், உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார், நீ எனக்கு ரொம்பப் பிடித்த பிள்ளை என்கிறார். மூலம் என்று கைகாட்டுவது லொயோலா இஞ்ஞாசியாரை. சரி, மூலத்தையே பார்ப்போம் என்று 1548ல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற அவரது 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலை எடுத்தேன்.

கிறிஸ்து பிறப்பு பற்றிய தியானத்தில், நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போகும் பாதையைப் பார் என்கிறார். எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், சமவெளியா, மேடு பள்ளமா? குகை பெரிதா சிறிதா, உயரமா தாழ்வா? கேட்பதோடு சரி, பதிலை அவர் சொல்வதில்லை. (நற்செய்தியில் இல்லாத ஒரு வேலைக்காரப் பெண்ணை அவரே பயணத்தில் சேர்த்துவிடுகிறார், அது வேறு விஷயம்.) வழிநடத்துபவருக்கு நூலின் தொடக்கத்திலேயே ஒரு குறிப்பும் இருக்கிறது: சம்பவத்தைச் சுருக்கமாகச் சொல், மிச்சத்தைச் செபிப்பவர் தானே கண்டடைந்தால்தான் ருசி அதிகம். நம்ம கையேடுகள் செய்வது இதற்கு நேர் தலைகீழ்.

அவர் எழுதியது பெரியவர்களுக்கு, குழந்தைக்குக் கொஞ்சம் கைப்பிடி வேண்டாமா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், எட்டு வயது மகளுக்கு யோவான் 21ஐ ஒரு கையேட்டிலிருந்து வாசிக்கும் வரை. கரி நெருப்பு, மீன், அப்பம். முடிந்ததும் கேட்டாள்: "அப்பா, அவர் மீனைத்தான் பாத்துட்டு இருந்தார். என்னைப் பாத்து சிரிக்கவே இல்ல. நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

எழுதியவர் நல்லெண்ணத்தில் சேர்த்த புன்னகை, வராதபோது தீர்ப்பாகிவிட்டது. வந்திருந்தால் மட்டும்? அது இயேசுவின் குரலா, அப்பா வாசித்ததன் எதிரொலியா என்று அந்த வயதில் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஜெரோம் பெர்ரிமனின் 'காட்லி பிளே' முறை இந்த இடத்தில் நிதானமாக இருக்கிறது. கதையைச் சொல்லிவிட்டு, இதில் உனக்குப் பிடித்த பகுதி எது, நீ எங்கே இருக்கிறாய், எதை விட்டுவிட்டாலும் கதை முழுசாக இருக்கும் என்று கேட்டு நின்றுவிடுவார்கள். பெரியவர் கையில் சரியான விடை இருக்காது. அதன் மரச்சாமான்களின் விலைதான் நம்ம ஊர் மறைக்கல்வி வகுப்புக்குக் கட்டாது.

மாற்கு 10ல் இயேசு பர்த்திமேயுவைக் கூப்பிட்டு, என்ன வேண்டும் என்றுதான் கேட்கிறார். இப்போது அவளுக்கு அந்தக் கதையை வாசிக்கிறேன், அந்தக் கேள்வியோடு நிறுத்திவிடுகிறேன். என்ன பதில் சொன்னாய் என்று கேட்பதில்லை.